ஜப்பான் கடையில் உமக்குச் சோறு வைத்தேன்

இஞ்சாரும் அன்னம், திட்டும்போதும் வடிவாக இருந்த என் தங்கமே,

அங்கே இப்போது ஆரைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்? ஆள் அகப்படாவிட்டால் கொஞ்சம் பொறும், நான் வருவேன். ஆனால் அவசரப்படுத்தாதேயும், எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

முதலில் மகளின் சங்கதி. உம்முடைய செத்தவீடு முடிந்த கையோடு வாணி தையல் மெசினைத் துணி போட்டு மூடினாள், பிறகு தொடவேயில்லை. அவள் கடதாசியில் கீறின சட்டைகளைப் பார்க்க டுசில்டோர்ஃப் கடைக்காரி ஒருத்தி நாள் குறித்துக் கொடுத்த டெர்மினையும் வேண்டாமென்றுவிட்டாள்.

"அம்மா இல்லாமல் ஆருக்குக் காட்டுறது?" என்றாள்.

"நான் இருக்கிறன்தானே?"

"உங்களுக்குச் சாரத்தை விட்டால் வேறை உடுப்புத் தெரியுமே அப்பா?"

வாய் மட்டும் அச்சொட்டாக உம்முடைய வாய்.

நீங்கள் இரண்டுபேரும் போக இருந்த டோக்கியோப் பயணத்துக்கு, உமக்குப் பதிலாக நானே வெளிக்கிட்டேன். வேண்டாமென்றவளை இழுத்துக்கொண்டு போனேன் என்பதுதான் சரி.

டோக்கியோவில் ஹராஜுக்கு என்று ஓர் இடம். உடுப்புக்காகவே பிறந்த சனம். நீலத் தலைமயிரும் பொம்மைச் சப்பாத்துமாக ஒரு பெட்டை போனாள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அவள் திரும்பி வந்து என்னைப் படமெடுத்தாள்! நான் போட்டிருந்த, குப்பையில் போடச் சொல்லி நீர் சண்டை பிடித்த அந்தப் பச்சை ஜாக்கெட் அங்கே பாஷனாம். கேட்டதோ?

கட்டடங்களைச் சொல்லி முடியாது. ஒன்றின் வாசல் முழுக்கக் கண்ணாடி. நடுவில் நின்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் செல்லத்துரை. ஒருத்தனையே தாங்கமாட்டாமல் தவித்த உமக்கு அது எப்படி இருந்திருக்கும்? இன்னொன்று மரச்சட்டங்களைக் குறுக்கும் மறுக்கும் கோத்த பெரிய குருவிக்கூடு. வாணி எல்லாவற்றையும் பார்த்தாள். பையிலிருந்த பென்சிலை மட்டும் எடுக்கவில்லை.

தோசை மாதிரி ஒன்றைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே கிறீமும் ஸ்ட்ராபெரியும் வைத்து விற்கிறார்கள். எனக்குப் பிடித்தது. அவள் இரண்டு வாய் கடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

மத்தியானம் ஒழுங்கைக்குள் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. வீட்டில் உம்முடைய படத்துக்கு வைக்கிற மாதிரி, சாப்பிட முன்னம் உமக்கும் ஒரு கிண்ணத்தில் சோறும், மேலே ஒரு பொரித்த இறாலும் வைத்தேன். கரண்டிக்குப் பதிலாகத் தருகிற அந்த இரண்டு குச்சியால் எனக்குச் சாப்பிட ஏலாது. உமக்காவது உதவட்டும் என்று இரண்டையும் சோற்றின் நடுவே நட்டுவிட்டேன்.

கடைக்கார அம்மா பதறியடித்து ஓடி வந்தா. வாணி கைபேசியில் தட்டித் தட்டி மொழிபெயர்த்தாள்.

"ஐயோ அப்பா, குச்சியை இப்பிடிக் குத்தி வைக்கக் கூடாதாம். செத்த ஆக்களுக்குத்தான் இப்பிடி வைக்கிறவையாம்."

"அதைத்தானேடி நானும் செய்தனான்! கொம்மாவுக்கு வைச்சது எண்டு சொல்லு."

சொன்னாள். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டா. பிறகு உம்முடைய கிண்ணத்தைப் பார்த்து நன்றாகக் குனிந்து கும்பிட்டுவிட்டு, உள்ளே போய் உமக்கென்று தனியாகப் பச்சைத் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தா. சீனி இல்லை. நீர் குடித்திருக்கமாட்டீர்.

"அம்மா இதை வாயில வைச்சால் கடையைப் பூட்டிப்போட்டுத்தான் போவா!" என்று வாணி சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! சிரித்த வாயோடேயே அழுதாள். நான் இறாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

பின்னேரம் அந்தக் குருவிக்கூட்டுக் கட்டடத்துக்குத் திரும்பவும் போகவேண்டும் என்றாள். எதிரே நின்று கீறத் தொடங்கினாள். கீறினாள், கீறினாள், எனக்குக் கால் விறைத்துப்போனது. வாயைத் திறக்கவில்லை, அன்னம். நான்! நம்புவீரோ?

இப்போது திரும்பி வந்து வுப்பர்டால் வீட்டில், பக்கத்து அறையில் மெசின் ஓடுகிறது. டுசில்டோர்ஃப் கடைக்காரி மறுபடியும் டெர்மின் கொடுத்திருக்கிறா. முதல் சட்டை எனக்காம். கடும் சிவப்பு, குறுக்கும் மறுக்குமாகக் கழுத்து. இந்த வயதில் எனக்கு இது தேவையோ?

ஒரு வருசமாகி உம்முடைய ஆட்டைத்திவசம் முடியும்வரை புதுசு உடுத்தமாட்டேன். முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவேன். சனம் சிரிக்கும். ஆர் தைத்தது என்று கேட்கும். அன்னத்தின்ர மகள் எண்டு ஒவ்வொருத்தருக்கும் நின்று சொல்லுவேன். இது சத்தியம்.

இன்னமும் உமக்கே உரிய மனுசன்,
செல்லத்துரை