வரைபடத்தில் இல்லாத டுரியான் கன்று

என் பிரியமுள்ள காக் மெலோர் அக்காவுக்கு,

மலாயில் காக் என்றாலே அக்காதான், அப்புறம் எதற்கு இரண்டு அக்கா என்று எப்போதும் கேலி செய்வீர்கள். இப்போதும் செய்துகொள்ளுங்கள். நீங்கள் போய் எட்டு மாதமாகியும் எனக்கு அப்படித்தான் கூப்பிட வருகிறது.

முதலில் ஊர்ச் செய்தி. காட்டை அழித்து வீடு கட்டக் கம்பெனிக்காரர்கள் கேட்டிருக்கிறார்களே, அந்த விஷயமாக நில அலுவலகத்திலிருந்து போன செவ்வாய்க்கிழமை வந்தார்கள். உங்கள் தெமுவான் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்ததற்கு அடையாளம் என்ன என்று அதிகாரி கேட்டார். உங்கள் மகள் சூரி, நாம் வரைந்த ஊர் வரைபடத்தை விரித்தாள்.

அதன் முதல் பிரதி ஞாபகம் இருக்கிறதா? பிரிக்ஃபீல்ட்ஸ் நில அளவை அலுவலகத்தில் இருபது வருடம் படம் வரைந்தவன் என்ற மிதப்பு எனக்கு. வீடுகளையும் வேலிகளையும் குறித்துவிட்டு, மிச்சத்துக்கெல்லாம் பச்சையடித்து ‘காடு’ என்று எழுதிக்கொண்டு வந்தேன். கிள்ளான் பாசாரில் பெத்தாய்க் காய் விற்றுப் பழகிய தமிழில் நீங்கள் கேட்டீர்கள்.

“வேலி இல்லனா ஆளு இல்லையா தம்பி? இது எங்க தாத்தா நட்ட டுரியான் லா. அந்தாண்ட நிக்கிறது அவரு தங்கச்சி நட்டது. நட்டவங்க பேருதான் மரத்துக்கு.”

இங்கே யாரும் இல்லை என்று காட்டைக் கேட்பவர்கள் சொல்ல வேண்டியதை நானே வரைந்து கொடுத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அப்புறம் மூன்று மாதம், அட்டைக்கடி பட்டு, மரம் மரமாகப் பெயர் எழுதினோம். ஊர்த்தலைவி என்று நீங்கள்தான் முன்னால் நடந்தீர்கள். நெஞ்சு வலிப்பதை ஏன் அக்கா சொல்லவில்லை? சொன்னால் நடக்க விடமாட்டோம் என்றா?

செவ்வாய்க்கிழமை அதிகாரி படத்தில் எங்கெங்கே விரல் வைத்தாரோ, அங்கெல்லாம் சூரி அழைத்துப்போனாள். உங்களைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நட்டவர் பெயரையும் உறவையும் சொன்னாள். முடிவு வரும்வரை ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இது முழு வெற்றி இல்லை, தெரியும். ஆனால் மரம் வெட்ட வந்து ஊர் வாசலில் நின்ற லோரிகள் திரும்பிப் போய்விட்டன.

எல்லாரும் போனபின் சூரி என்னை ஆற்றோரம் கூட்டிப்போனாள். படத்தில் இல்லாத ஒரு டுரியான் கன்று, இடுப்பளவு இருந்தது.

“படம் முடிஞ்சப்புறம் அம்மா நட்டது அங்கிள். உங்க மரம். ‘தம்பிக்குத் தண்ணி ஊத்திட்டு வா’ன்னுதான் என்னை அனுப்புவாங்க. படத்துல உங்க பேரு போட்டுக்குங்க.”

அழுதுவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? என் பெயரை எழுத ஆசையாகவும் இருந்தது. ஆனால் அத்தனை மரத்துக்கும் பெயர் சொன்ன நீங்கள், உங்கள் பெயரை ஒன்றுக்குக்கூடச் சொல்லவில்லையே. நட்டவங்க பேருதான் மரத்துக்கு. ‘மெலோர்’ என்று எழுதினேன்.

அது காய்க்கப் பல வருடம் ஆகும். மாதம் தவறாமல் வந்து தண்ணீர் ஊற்றுவேன். இந்தப் படம் எந்த மேசைக்குப் போனாலும் உங்கள் பெயரோடுதான் போகும் அக்கா.

தண்ணீர் ஊற்றி நீங்கள் வளர்த்த
கிள்ளான் தம்பி,
முருகையன்