கரகரப்பு நீங்கிய பதிப்பு

தென்முனை நிலவு நிலையம். மார்ச் 14, காலை

காற்று, தண்ணீர், மின்சாரம் எல்லாம் சரி. இங்கே நானும் ஜெசிந்தாவும் மட்டும்தான். பனிக்கட்டி எடுக்க அவள் ரோவர் வண்டியில் பள்ளத்துக்குப் போயிருக்கிறாள்.

பழைய வீடியோ கேம் கன்சோலைக் கணினியில் ஓடவைக்கும் எமுலேட்டர் எழுதுவது என் பொழுதுபோக்கு. புதுப் பதிப்பில் ஒலிச் சில்லு அசல் போலவே இயங்குகிறது. கேமில் வரும் அருவிச் சத்தம் இனி கரகரக்காது. வழக்கம்போல ரோவர் கணினிக்கு அனுப்பி ஜெசிந்தாவின் தலையில் கட்டிவிட்டேன். ஆடிப் பார்த்துக் குறை சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மார்ச் 14, மாலை

ரோவர் சக்கரம் பள்ளத்தின் அடியில் புதைந்துவிட்டது. அங்கே வெயில் விழாது, பேட்டரி ஏறாது. வடக்கு முகாமின் மீட்பு வண்டி நாளை மறுநாள்தான் வரும். அதுவரை ஹீட்டர் தாங்கும், கணக்குப் போட்டுப் பார்த்தேன். பயம் தெரியாமலிருக்க அந்த கேமை ஆடிக்கொண்டிருக்கிறாள். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கு என்றேன்.

"லிங்கம் அண்ணே, அருவி சத்தம் சுத்தமா கேக்குது. கரகரப்பு போயிட்டு. நான் தூங்கப் போறேன், ஆஃப் பண்ணிரட்டா?"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வேண்டாம், தானாக ஓடட்டும் என்றேன். விடிய விடிய ஓடவிட்டு எங்கேயாவது நின்றுபோகிறதா என்று பார்ப்பது எமுலேட்டர் எழுதுகிறவர்களின் வழக்கம். சரி என்றாள். செயற்கைக்கோள் மறைந்தது, தொடர்பு போனது.

மார்ச் 15, காலை

ஐயோ. பல் துலக்கும்போதுதான் உறைத்தது. அசல் போல ஒலிக்க, புதுப் பதிப்பு கணினியை முழுமூச்சாக வேலை வாங்குகிறது. நான் வேகத்தை அளந்தேன், மின்சாரத்தை அளக்கவில்லை. நிலையத்தில் அதற்குப் பஞ்சமில்லையே. பேட்டரிக் கணக்கு பழைய பதிப்புக்குப் போட்டது. ஹீட்டரும் கணினியும் ஒரே பேட்டரியில்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். செயற்கைக்கோள் சாயங்காலம்தான் வரும். எழுந்திரு ஜெசி. குளிருதுன்னு எழுந்திரு. அந்தச் சனியனை அணை.

மார்ச் 15, சாயங்காலம்

தொடர்பு வந்துவிட்டது. கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ரோவர் வானொலிக்குத் தனி பேட்டரி. அதிலிருந்து வந்தது தானியங்கி அறிக்கை மட்டும்.

"சோதனை ஓட்டம் முடிந்தது. காரணம்: மின்சாரம் இல்லை. பிழைகள்: இல்லை."

பிழை இல்லையாம்.

மார்ச் 16

மீட்பு வண்டி போய்ச் சேர்ந்தது. மீட்புக் குழுத் தலைவர் அந்தோணிமுத்து பேசினார்.

"தூக்கத்துலயே போயிருக்காங்க, சார். நீங்க சொன்ன கணக்குப்படி ஹீட்டர் இன்னும் ஓடியிருக்கணுமே. ஏன் நின்னுச்சு, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அவள் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரிய வேண்டும். கேள்வியில் என்மேல் சந்தேகமே இல்லை. அது இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

தெரியவில்லை என்றேன்.

பேட்டரி பழசாக இருக்கும் என்றும் சொன்னேன். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், அந்த அம்மாவிடம் நீங்களாவது உண்மையை...