த-17இன் விரல்கள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். தென்காசி, பாத்திரக் கடை மாடியில் வாடகை அறை. சுவரெல்லாம் ஈரம். இன்று எட்டு பேர் வந்தார்கள். மொத்தம் இருபத்து நான்கு ஆயிற்று.

வேலை: 1. ஒவ்வொருவர் போனிலும் ஆப் போடுவது. 2. சம்மதக் கையெழுத்து. 3. கத்துவது.

கத்துவது என் பொறுப்பு. போனைத் திறக்க நான்கு எண் அழுத்தும்போது ஒவ்வொருவர் விரலுக்கும் ஒரு தாளம் உண்டு. பயந்தால் அது மாறும். மிரட்டித் திறக்கச் சொல்கிறார்கள் என்பதை அந்த மாற்றத்தை வைத்துப் போனே கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வருடமாக என் ஆராய்ச்சி இதுதான். அதற்குப் பயம் வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்கிறோம். ஆனாலும் பின்னால் நின்று, இரும்பு ஸ்கேலால் மேஜையில் அடித்து, "தொற! சீக்கிரம் தொற!" என்று நான் போடும் சத்தத்தில் எல்லோருக்கும் கை நடுங்கிவிடுகிறது. ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் மூன்று முறை தப்பாக அடித்தார்.

எனக்கு இது பிடித்திருக்கிறது. வேறு எங்கும் இதை எழுத முடியாது. கோபத்தை அடக்கு, அடக்கு என்று சொல்லியே வளர்த்தார்கள். பல்கலைக்கழகமோ கத்துவதற்கு உதவித்தொகை தருகிறது.

த-17 என்று எண் கொடுத்த பெண் மட்டும் ஏமாற்றம். பேச்சியம்மாள், முப்பது இருக்கும், குற்றாலத்தில் ஒரு சிப்ஸ் கடையில் வேலை. தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு எண்ணையும் மெதுவாக, ஒரே சீராக அழுத்தினாள். முடிந்ததும், "இம்புட்டுதானா மேடம்? கொஞ்சம் தண்ணி குடிங்க, தொண்ட கட்டிரும்" என்றாள்.

குறித்துக்கொண்டது: த-17, பயமில்லாதவர்.

தொண்டைக்கு மிளகு. குடைக் கம்பி உடைந்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

காற்று. இரண்டு முறை கரண்ட் போய் வந்தது. அவரவர் போனைத் திறந்த நான்கு நாள் பதிவும் சர்வரில் ஏறிவிட்டது.

த-17: பகலெல்லாம் தடதடவென்று அழுத்துகிறாள், ஒழுங்கே கிடையாது. சாயங்காலம் ஏழேகால், ஏழரைக்குள் ஒரே ஒரு முறை மட்டும் மெதுவாக, சீராக. நான்கு நாளும் அப்படியே. திங்கட்கிழமை என் மேஜையில் அழுத்தினாளே, அதே மாதிரி.

இரண்டு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். தோசை தட்டிலேயே காய்ந்தது.

பயமில்லாதவளாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பயத்தில் விரல் தடுமாறுகிறது. இவளுக்குத் தடுமாறினால் அடி. அதனால் பயம் வந்தால் தப்பே வராமல் செய்யப் பழகியிருக்கிறாள்.

ஆராய்ச்சிக் கைடுக்குப் போன் போட்டேன்.

"இருபத்து நாலுல ஒண்ணும்மா. அவுட்லையர், மத்ததோட ஒட்டாதது. தூக்கிரு."

"சார், யாரோ தெனமும் மெரட்டித் தொறக்கச் சொல்லுதாங்க சார்."

"நாம டேட்டா எடுக்க வந்திருக்கோம், பஞ்சாயத்து பண்ண இல்ல. பேர் லிஸ்ட் எங்கிட்ட பூட்டி இருக்கு. அது யாருன்னே உனக்குத் தெரியக் கூடாது."

பூட்டி என்ன பயன்? ஆளை உட்கார வைத்துக் கத்தியது நான். டம்ளரைச் சுவரில் எறிந்தேன். எவர்சில்வர், ஒடுங்கியதோடு சரி.

ஜூன் 14, சனி

குற்றாலம் போனேன், கூடப் படித்தவளிடம் இரவல் வாங்கிய ஸ்கூட்டரில். பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. வந்த கூட்டம் பூராவும் ஈரத் துண்டோடு கடைகளில். சிப்ஸ் கடையைக் கண்டுபிடித்து, கால் கிலோ நேந்திரம் கேட்டு நின்றேன். பேச்சியம்மாள் எடை போட்டாள்.

ஏழு இருபது. வேன் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கி, ஒன்றும் பேசாமல் கையை நீட்டினான். அவள் போனைத் திறந்து கொடுத்தாள். புருஷன். பெயர் வேல்சாமி.

"மத்தியானம் எவன்கூடட்டி பேசுன?"

"தங்கச்சி. செங்கோட்டையிலேந்து கூப்பிட்டா."

"தங்கச்சிக்கு எதுக்குட்டி இவ்வளவு நேரம்?"

பளார். கம்மல் கழன்று சிப்ஸ் தட்டில் விழுந்தது. தலைமுடியைப் பிடித்து நெற்றியைத் தராசுக் கம்பியில் ஒரு முட்டு. கடைக்கார அண்ணாச்சி கம்மலைப் பொறுக்கி அவளிடம் கொடுத்துவிட்டு, பொட்டலத்தை அவரே கட்டினார். "நீங்க வாங்கிக்கிடுங்க மேடம். இது தெனம் உள்ளதுதான்."

நான் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை அந்தக் கத்துக் கத்தியவள். அவளும் என்னைத் தெரியாதவள்போல் தராசைத் துடைத்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் கழுத்தை நெரித்துக்கொண்டே வந்தேன், மனசுக்குள். கட்டைவிரலை எங்கே வைத்து அழுத்துவது என்பதுவரை யோசித்தேன். இலஞ்சி தாண்டியது தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வெயில், சாரல், மறுபடி வெயில். இலத்தூரிலிருந்து அம்மா இரண்டு முறை போன். எடுக்கவில்லை.

ஆப்பில் இன்னொரு வசதி இருக்கிறது: போலித் திரை. பயந்த விரல் என்று தெரிந்தால் போன் திறக்கும், ஆனால் வேறு ஒன்று திறக்கும். நீலப் பின்னணி, காலி கேலரி, ஒரு மெசேஜ்கூட இருக்காது. மிரட்டுகிறவன் ஏமாந்து போவான். அந்த நீலம் நான் தேர்ந்தெடுத்தது. இந்தக் கட்டத்தில் அதை அணைத்தே வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

மதியம் த-17க்கு மட்டும் போட்டுவிட்டேன், இங்கிருந்தே, சர்வர் வழியாக. அவளுடைய அந்தச் சீரான தாளம் வந்தால் போதும்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் முகத்தில் காட்டிவிடுவாள் என்று நினைத்தேன். பார்லே வேல்சாமி, நல்லாப் பார். சந்தோஷத்தில் பொரித்த மீன் வாங்கிச் சாப்பிட்டேன்.

7.24. சீரான தாளம். போலித் திரை வேலை செய்தது. தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

அதற்குப் பிறகு பதிவு இல்லை.

ஜூன் 16, திங்கள்

மதியம்வரை பதிவு இல்லை. போன் அணைந்தே கிடக்கிறது. சிப்ஸ் பொட்டலத்தில் இருந்த நம்பருக்கு அடித்தேன். அண்ணாச்சி எடுத்தார்.

"அவ பெரியாஸ்பத்திரியில கெடக்கா மேடம். போன்ல ஒண்ணுமே இல்லியாம். எவனுக்காகட்டி எல்லாத்தையும் அழிச்சன்னு கேட்டிருக்கான். அவ அழிக்கவே இல்லங்கா. கதவு இடுக்குல கைய வச்சு, இழுத்துச் சாத்திட்டான். ரெண்டு தடவ."

ரெண்டு தடவை.

திருடனை நினைத்துச் செய்த திரை. திருடனுக்கு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது. இவனுக்குத் தெரியும். தினமும் பார்க்கிறவன். இவனே அனுப்பிய மெசேஜ்கூட அதில் இருந்திருக்காது. மூன்று வருடம், எத்தனை கட்டுரை, எத்தனை கருத்தரங்கு. ஒரு நாள்கூட இது எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கதவைச் சாத்தியதில் என் கையும் இருக்கிறது.

சாரிடம் சொன்னேன். "உன் சர்வர் லாகினை எடுத்தாச்சு. ஊருக்குக் கிளம்பு. யாரையும் பாக்காத" என்றார். போலித் திரையை முதலில் அணைக்க வேண்டும் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார். ஒன்பது முறை அடித்தேன், எடுக்கவில்லை.

இனி அவள் போனைக் கையில் வாங்கித்தான் அணைக்க முடியும். அவன் மறுபடி திறக்கச் சொன்னால் மறுபடி நீலம். அவளுக்கு இன்னொரு கை இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

மழை. ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினால், ஆஸ்பத்திரி வாசலில் வேல்சாமி. கையில் பிளாஸ்க், பன் ரொட்டி.

"நீங்கதான பேச்சியம்மா வீட்டுக்காரரு?"

"ஆமா. நீங்க யாரு?"

ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தேன். பல் உடைந்த சத்தம் கேட்டது. கீழே விழுந்தவனை மறுபடி அடித்தேன். மூன்றாவதற்கு ஓங்கும்போது ஆட்டோக்காரர் ஒருவர் கையைப் பிடித்துவிட்டார். "யம்மா, செத்துருவான், விடு!" வேல்சாமி வாயைப் பொத்திக்கொண்டு, "இவ யாருன்னே தெரியாதுண்ணே" என்று அழுதான். நன்றாக இருந்தது. பொய் எழுத மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

அவனைக் கட்டுப் போடக் கூட்டிப் போனார்கள். அதற்குள் மாடிக்கு ஓடினேன். பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். வலது கையில் முழங்கைவரை மாவுக்கட்டு. கன்னம் கறுத்திருந்தது. பேச்சியம்மாள் என் சட்டையைத்தான் முதலில் பார்த்தாள்.

"யாரு ரத்தம் மேடம்?"

"அவனுது."

"ஐயோ. நான் அந்த வீட்டுக்குத்தான மேடம் திரும்பிப் போவணும்?"

"போவ வேண்டாம். போன எடு. நான் அதுல ஒண்ணு போட்டு வச்சிருக்கேன், அத எடுக்கணும்."

"போன்ல ஒண்ணுமில்லாம ஆனது... நீங்களா மேடம்?"

பதில் சொல்ல நேரமில்லை. படியில் யாரோ ஏறி வரும் சத்தம். "அப்புறம் சொல்லுதேன். மொதல்ல தொற. சீக்கிரம் தொற!" கட்டில் கம்பியில் ஹெல்மெட்டால் அடித்தேன் போலிருக்கிறது. பக்கத்துக் கட்டில் குழந்தை வீரிட்டு அழுதது.

அவள் அழவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து, ஆன் செய்து, மடியில் வைத்து, இடது கட்டைவிரலால் அழுத்தினாள். பழக்கமில்லாத கை. ஒரு எண்ணும் தப்பவில்லை. மெதுவாக, ஒரே சீராக.

திறந்து என்னிடம் நீட்டினாள். அவள் பக்கத்தில் நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

நீலம். காலி கேலரி. மெசேஜ் ஒன்றுகூட இல்லை.