கட்சாலில் ஒரு தேயிலைச் செடி

கட்சால்,
14.2.1971

அன்பு சந்திரமதிக்கு,

நான் நலம். நீயும் குழந்தை இந்திராணியும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? கப்பல் இறக்கிவிட்ட இந்தத் தீவில் எனக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. ஈரமண்ணில் பொதித்துக் கொண்டுவந்த தேயிலைக் கொட்டைகளில் ஒன்றே ஒன்று முளைத்திருக்கிறது. வாசலில் நட்டேன். கடல் வெக்கையில் இலை ஓரம் கருகுகிறது. தோட்டத்தில் நாற்று வளர்த்த கை உன்னுடையது. என்ன செய்யலாம், எழுது.

எனக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்து, உன் பெயர் மட்டும் உன் அப்பாவின் இலங்கைப் பிரஜாவுரிமை மனுவில் மாட்டிக்கொண்டதால் வந்த பிரிவு இது. அடுத்த கப்பலில் வந்துவிடுவீர்கள் என்கிறார் ஆபீஸ் பாபு.

உன்
ராஜமாணிக்கம்

மஞ்சள்பாறைத் தோட்டம், ஹட்டன்,
20.6.1971

அன்புள்ள மாமாவுக்கு,

மேற்கு வெயிலைத் தென்னங்கீற்றால் மறையுங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் ஊற்றாதீர்கள்; மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். வேரைச் சுற்றிச் சருகு போடுங்கள், தண்டில் ஒட்டக் கூடாது. கவ்வாத்து வேண்டாம். அந்தச் சூட்டில் வெட்டுப்பட்டால் தாங்காது.

பிள்ளை நடக்கிறாளா என்று ஒரு வரி கேட்கவில்லையே! நடக்கிறாள். மீசை வைத்த யாரைக் கண்டாலும் "அப்பா" என்று ஓடுகிறாள்.

உங்கள்
சந்திரமதி

கட்சால்,
3.11.1973

சந்திரமதி கண்ணுக்கு,

செடி பூத்துவிட்டது! என் இடுப்பு உயரம். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். பக்கத்து வீட்டு சிவஞானம் அண்ணன், "நாப்பது வருசம் மலையில கெடந்தேன், தேயிலையில இம்புட்டுப் பூவ பாத்ததில்லடா" என்றார். வெட்டி வெட்டிக் கொழுந்தெடுத்த நாம் எங்கே பூக்க விட்டோம்? இந்திராணி வந்து பறிக்கட்டும் என்று ஒன்றையும் தொடவில்லை.

அங்கே பட்டினி என்று அண்ணனுக்கு வந்த தபாலில் இருந்தது. மெய்யா? ஆபீஸில் கேட்டேன். "நாம் நஹி ஆயா. அக்லா ஜஹாஜ் தேக்கோ" என்றார் பாபு. பெயர் வரவில்லையாம், அடுத்த கப்பலைப் பார்க்க வேண்டுமாம்.

உன்
ராஜமாணிக்கம்

மஞ்சள்பாறைத் தோட்டம்,
9.4.1974

மாமாவுக்கு,

மெய்தான். வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. கூப்பனுக்குக் கொடுக்கும் ரேஷன் மாவும் பாதியாகிவிட்டது. அம்மா தை மாதம் போய்விட்டாள். பங்குனியில் நம் இந்திராணியும் போய்விட்டாள்.

காட்டுக் கிழங்கை அவித்துக் கொடுத்தேன். வயிற்றால் போனது நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு மலை இறங்கும்போது, "அப்பா ஊர்ல சோறு இருக்குமாம்மா?" என்று கேட்டாள். "நெறைய இருக்குடா" என்றேன். பாலத்தைத் தாண்டுவதற்குள் தோளில் கனம் மாறிவிட்டது.

என் காகிதம் வந்தது. நான் இலங்கைப் பிரஜையாம். அங்கே வர வழியில்லையாம். நம் லயத்து வீடுகளின் சனம் வவுனியாப் பக்கம் காடு வெட்டப் போகிறது. நானும் போகிறேன். விலாசம் கிடையாது.

பூவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். இனி எழுத வேண்டாம்.

சந்திரமதி

கட்சால்,
21.9.1974

சந்திரமதி,

உன் கடிதம் கண்டபின் நான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. இதையும் தோட்டத்துக்கே போடுகிறேன். வவுனியா போகிற யாராவது உன்னிடம் சேர்க்கட்டும்.

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் செடிப்பக்கம் போகவில்லை. கீற்று சரிந்து கிடக்கிறது. சிவஞானம் அண்ணன்தான் தண்ணீர் ஊற்றுகிறார். "அதுமேல என்னடா கோவம்?" என்கிறார். கோபம் இல்லை. நான் அதற்கு நிழல் கட்டிய நேரத்தில் நீ கிழங்கு தோண்டிக்கொண்டிருந்திருக்கிறாய். சோறு இங்கே இருந்தது, சந்திரமதி. தட்டில் மிச்சம் வைத்து எழுந்திருக்கிறேன்.

உன்னை வரச் சொல்லவில்லை. மன்னிக்கவும் சொல்லவில்லை. பிள்ளையை எந்த மேட்டில் வைத்தாய்? பக்கத்தில் ஆறா, ரோட்டா? அதை மட்டும் ஒரு வரி எழுதிவிடு. கண்ணை மூடினால் அவளை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ராஜமாணிக்கம்