சித்திரை வெயிலில் கம்பளி

இன்று மத்தியானம் உங்கள் மகள் என்னிடம் கம்பளி கேட்டாள், மதினி. சித்திரை மாதம், காகம்கூட வெயிலுக்குப் பயந்து வேப்பமரத்துக்குள் ஒடுங்கிவிடுகிற நேரம். நம் வீட்டுக்கு வந்திருக்கிற கோமதி கூடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டு, "அத்தே, குளிருது" என்றாள். தொண்டை கட்டினாற்போல் குரல். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டேன்.

சுதந்திரம் வந்த மறுவருஷம், கோமதி பிறந்ததற்கு நேர்ந்துகொண்டு ஆடிச்சுற்று சுற்றினீர்களே, அதிலிருந்து வந்த பயம் இது. உச்சி வெயிலில் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். சாயங்காலம் இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்து தடித்திருந்தன. அம்மா கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினாள். மண் காய்ந்து உதிர்ந்தது, சிவப்பு போகவில்லை. பிறகு விரல் மூட்டெல்லாம் வீங்கி நீங்கள் எலும்பும் தோலுமாக ஆனபோது, மதுரை டாக்டர்தான் லூபஸ் என்று பெயர் சொன்னார். உடம்பே உடம்பைப் பகையாளியாக நினைத்துத் தாக்குகிற நோயாம். வெயிலே ஆகாதாம். நாமோ வேண்டுதல் என்று வெயிலில்தான் நடக்கவிட்டோம்!

மருந்து தின்று ஒரு வருஷம் போனதும், உடம்பு தேறிவிட்டது என்று வீடே கொண்டாடியது. கன்னம் உப்பி, உடம்பு பூசினாற்போல் ஆகியிருந்தது. "எங்க மருமவள அம்பாள் கைவிடல பாத்தியளா" என்று தெருவெல்லாம் சொல்லி அம்மா மாவிளக்குப் போட்டாள். பக்கத்தில் படுக்கிற எனக்குத்தானே தெரியும்! உங்கள் கால் இரண்டும் கோடையிலும் ஜில்லிட்டுக் கிடக்கும். வாரினால் கொத்துக் கொத்தாக முடி வரும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே நேரமாகும். குரல் ஆம்பளைக் குரலாகிவிட்டது. இது தேறின உடம்பு இல்லை என்று அண்ணனிடம் அழுதேன். "வாயக் கழுவுட்டி" என்று அம்மா ஏசினாள். அப்போதுதான் நீங்கள் வாய் திறந்தீர்கள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. அவிய சந்தோஷத்தக் கெடுக்கவேண்டாம்னு சும்மா இருந்தேன்."

அதைக் கேட்டதும் அண்ணன் நம் இருவரையும் மறுபடி மதுரைக்குக் கூட்டிப்போனான். டாக்டர் உங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். லூபஸ் வந்தவர்களில் சிலருக்குத் தைராய்டும் கெட்டுப்போகும், இது தேறின உடம்பில்லை, ஊதின உடம்பு என்றார். மாத்திரையை விடாமல் தின்ன வேண்டும். அது ஆட்டின் தைராய்டைக் காயவைத்துச் செய்தது என்பதையும் மறைக்கவில்லை. முட்டை வாசம்கூட ஆகாத சைவக் குடும்பம் நாம். தின்னாவிட்டால் என்ன ஆகும் என்று அண்ணன் கேட்டான். "கொஞ்சம் கொஞ்சமா நினைவு தப்பிடும். அப்புறம் என் கையில இல்ல" என்றார் டாக்டர். நீங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"தண்ணி கொண்டாட்டி. அம்பாள்கிட்ட நான் உசிரோட போயி மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். செத்த பொறவு எங்கன போயி கேக்க?"

அந்த மாத்திரைதான் கோமதி கழுத்தில் தாலி ஏறும்வரை உங்களை வைத்திருந்தது. கடைசியில் லூபஸ் சிறுநீரகத்தில் இறங்கித்தான் உங்களைக் கொண்டுபோயிற்று.

கன்னம் உப்பிப் பூசினாற்போல் வந்த கோமதியை இங்கே விட்டுப் போன அவள் மாமியார், "எங்க வீட்டுச் சோறு ஒட்டியிருக்கு, பாத்தியளா" என்று பூரித்துப்போனாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. தாயிடம் இருந்தது மகளுக்கும் வருமா என்று எனக்குத் தெரியாது. அவள் கன்னத்தில் சிவப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. ஆனாலும் நெஞ்சு அடங்கவில்லை, மதினி. நீங்கள் போனபின் உங்கள் நகை, சேலை எதுவும் நான் கேட்டதில்லை. இந்தப் பயம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. உங்களை ஒருமுறை காப்பாற்றியதும் இதுதான் என்பதால் இதை விட மனசில்லை.

"என்னத்தே இப்படிப் பாக்கிய? பயந்திட்டியளா?" என்றாள் கோமதி.

"ஆமாட்டி, பயந்துதான் போயிட்டேன். எந்திரி, மதுரைக்கு ரயிலுக்கு நேரமாச்சு."