மொட்டு உதிர்ந்த காரணம்

நிலவு, தென்துருவ நிலையம். செடிக்கூடப் பதிவு. எழுதுபவர்: மரகதவல்லி, தாவரவியல்.

நாள் 112. 07:10

வெப்பம் 22 பாகை. ஈரப்பதம் 68 சதவீதம். நீர்ச்சுழற்சி சீராக உள்ளது. ஆர்க்கிட் அலமாரியில் நாற்பத்தொரு தொட்டிகள், எல்லாம் குட்டி வகை. பெரிய வகைக்கு இங்கே யார் இடம் கொடுப்பார்கள்?

காலையில் ரொசாரியோவின் செய்தி வந்தது. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, தொலைநோக்கிக் குடிலில் தனியாக இருக்கும் மின்பொறியாளன். தூத்துக்குடிக்காரன். அடுத்த குழு வரும்வரை நிலவில் நாங்கள் இருவர்தான்.

"யக்கா, இங்க எல்லாமே சாம்பக் கலரு. பச்சையா ஒரு செடி அனுப்புங்க, தீப்பெட்டி அளவு இருந்தாலும் போதும். எனக்கு வளத்துப் பழக்கமில்ல, அத மனசுல வச்சிக்கிடுங்க."

சிறியது என்றால் சுலபம் என்று நினைக்கிறான். எல்லோரும் அப்படித்தான். தொட்டி சிறுத்தால் ஈரம் ஒரே நாளில் காய்ந்துவிடும், தவறு செய்ய இடமே இருக்காது.

நாள் 113. 16:30

செடியைத் தேர்ந்தெடுத்தாயிற்று. ஆர்க்கிட் வகைகளில் லெபாந்தஸ் வேண்டாம். பூ நகக்கண் அளவுதான், ஆனால் குளிர்ச்சி வேண்டும், ஈரம் வேண்டும், சீமாட்டி போல நடத்த வேண்டும். குட்டி ஃபெலனாப்சிஸ் பார்க்க லட்சணம். புதியவர் கையில் வேர் அழுகிவிடும். கடைசியில் குட்டி டென்ட்ரோபியம் ஒன்றை எடுத்தேன். தடித்த தண்டு, அதில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், நாலு நாள் மறந்தாலும் கோபிக்காது. மூன்று மொட்டுகள் இருக்கின்றன. பூத்துப் பார்த்தால் பையனுக்கு உற்சாகம் வரும்.

முந்தைய குழுக்களில் இதே வகையைப் பதினோரு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. தானியங்கி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

நாள் 127. 09:05

வெப்பம் 22. ஈரப்பதம் 67.

"யக்கா, மொட்டு மூணும் மஞ்சளாயி கொட்டிட்டு. தண்ணி நீங்க சொன்ன மாதிரி மூணு நாளைக்கு ஒருக்காத்தான் ஊத்துதேன்."

புதிதாக வளர்க்கிற எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். பாசத்தில் ஊற்றித் தள்ளிவிட்டு, சொன்னபடிதான் ஊற்றினேன் என்பார்கள். நான் அனுப்பிய பதில்: "தம்பி, என்கிட்ட கதை விடாத. அது லேசுல சாகுற செடி இல்ல. ஒரு வாரம் தண்ணியே காட்டாத."

நாள் 131. 09:20

படம் அனுப்பியிருக்கிறான். இலையும் மஞ்சள். ஆனால் வேர்கள் வெள்ளையாக, உறுதியாக இருக்கின்றன. அழுகல் இல்லை. பையன் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் காற்றுதான். குடிலின் காற்றோட்ட விசிறி வறண்ட காற்றை நேராகச் செடிமேல் அடிக்கிறது. குட்டி வகைக்கு அது ஆகாது. விசிறியைக் கடைசி அளவுக்குக் குறைக்கச் சொன்னேன்.

"செஞ்சிட்டேன்க்கா. ரெண்டு நாளா எனக்குந் தலை பாரமா கெடக்கு."

"சரியா தூங்கு. இலை எப்படி இருக்குன்னு நாளைக்கு சொல்லு."

 

நாள் 133. 09:40

நேற்றும் இன்றும் செய்தி இல்லை. நான் திட்டியதற்கு முறுக்கிக்கொண்டிருக்கிறான் போல. இருக்கட்டும், தானாக வருவான்.

நாள் 133. 13:15

அவன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உதிர்ந்த மொட்டின் புற இதழ்கள் உலர்ந்து, காகிதம் போல வெளிறியிருக்கின்றன. வறண்ட காற்று இப்படிச் செய்யாது. தண்ணீரும் செய்யாது.

எத்திலீன்.

வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே வாயு. அந்தக் குடிலில் வாழைக்காய் கிடையாது. மின்கம்பியின் மேலுறை எங்கோ மெல்லக் கருகிக்கொண்டிருக்கிறது. எத்திலீன் வரும் இடத்தில் கார்பன் மோனாக்சைடும் வரும். உணர்கருவிக்கு எட்டாத அளவையும் ஆர்க்கிட் மொட்டு கண்டுபிடித்துவிடும். செடி ஆறு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. முதல் ஆண்டு மாணவிக்குத் தெரியும் விஷயம். நான் பையனின் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

13:22. குடிலின் வரைபடத்தை எடுத்தேன். வாயு உணர்கருவி காற்றோட்டக் குழாய்க்குள் இருக்கிறது. விசிறி வேகமாக ஓடினால்தான் காற்று அதற்குப் போய்ச் சேரும், எச்சரிக்கை மணி அடிக்கும்.

13:23. "ரொசாரியோ, விசிறிய முழுசா கூட்டு. ஆக்சிஜன் முகமூடியப் போடு. செடிய விடு. பதில் சொல்லுப்பா."

13:24. பதில் இல்லை.

13:31. பதில் இல்லை. வண்டியை எடுக்கிறேன்.

நாள் 133. 20:50

வண்டி. பாதி வழி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கிறேன். இதற்குமேல் வேகம் போகாது.

அவன் தலைவலியைச் சொன்னபோது கேட்டிருக்கலாம். எப்போதிலிருந்து வலிக்கிறது, குமட்டுகிறதா என்று ஒரே ஒரு கேள்வி. நான் தேர்ந்தெடுத்த செடி பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர என் தலையில் வேறு எதுவும் இல்லை. வெட்கமாக இருக்கிறது. ரொசாரியோ, எடுப்பா.

நாள் 134. 04:35

குடில்.

படுக்கையில் இருக்கிறான். உடல் சில்லிட்டுவிட்டது. நேற்று முன்தினமே போயிருக்க வேண்டும். முகமூடியைக் கழற்றாமல் எழுதுகிறேன். செடியைத் தலைமாட்டில் வைத்து, காற்று படாமல் ஒரு துண்டால் மறைத்துவிட்டிருக்கிறான்.

04:50. அவன் கருவியில் ஒரு குரல் பதிவு இருக்கிறது. நாள் 132, 06:15. எனக்காகப் பேசியது, அனுப்பவில்லை.

"யக்கா... எந்திரிக்க முடியல. தலை வெடிக்கி. ஃபேன கூட்டி வச்சா கொஞ்சம் தேவலன்னு தோணுது. ஆனா செடிக்கு ஆகாதுன்னு சொன்னீங்கல்லா. கூட்டட்டுமான்னு உங்கள்ட்ட கேக்கலாம்னு பாத்தேன். வேண்டாம், இதுக்கும் ஏசுவீங்க. இன்னைக்கி ஒரு நா பாத்துட்டு..."

அவ்வளவுதான்.

05:12. இந்தப் பதிவைப் படிப்பவர்களுக்கு. பணியாளர் தாமாகவே காற்றோட்டத்தைக் குறைத்தார் என்று யாரும் எழுத வேண்டாம். குறைக்கச் சொன்னவள் நான். அவன் அப்படியே செய்தான்.

05:20. விசிறியை முழு வேகத்தில் வைத்தேன்.

05:21. எச்சரிக்கை மணி அடிக்கிறது.

05:40. இன்னும் அடிக்கிறது. நிறுத்தும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.