நிறுத்தச் சொல்லும் கை

அருவிக்கு முதுகைக் கொடுத்து நிற்கும் என் அப்பாவுக்கு,

உங்களை நினைத்தால் எனக்கு இந்தக் கோலம்தான் முதலில் வருகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வருஷம் முழுக்க வலித்த முதுகை, சீசனுக்கு ஒருநாள் வந்து ஐந்தருவியில் காட்டிவிட்டுப் போவீங்க. "மத்தவன் தலை நனைக்க வாரான், நான் முதுகைக் கழுவ வாரேன்" என்பீங்க. நீங்க போன பிறகு வருகிற மூணாவது சாரல் இது. நினைவு நாளுக்குப் பத்திரிகையில் போடும் கட்டத்தில் நாலு வரிக்கு மேல் கொள்ளாது. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வரப்போகிறது அப்பா. சம்பள ஒப்பந்தத்தைப் பேசிப் பேசி இழுத்துவிட்டார்கள். பேச்சு முடியாவிட்டால் திங்கட்கிழமை காலையில் கிரேன் நிற்கும் என்று நோட்டீஸ் கொடுத்தாயிற்று. உங்க மகன் முருகன் முதல் வரிசையில் நிற்கிறான். உங்க வேலைக்குப் போனவன், உங்க இடத்தில் நிற்காமல் எங்கே நிற்பான்?

இங்கே தென்காசியில் உங்க மருமகனின் மரமில்லுக்கு வரவேண்டிய தடிகள் கப்பலில் வந்து இறங்கி, திங்கட்கிழமைக்கு முன்னே எடுக்க எல்லாரும் முண்டுவதால் முறை வராமல் துறைமுக யார்டிலேயே கிடக்கின்றன. எங்களுக்கு மட்டுமில்லை, செங்கோட்டை ரோட்டில் இருக்கிற மில்லுக்கெல்லாம் இதே கதைதான். லாரிக்காரர்கள் ஷெட்டில் படுத்துத் தூங்குகிறார்கள். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரிகள் கப்பலை நம்பாமல் கேரளத்துப் பக்கம் சரக்கைத் திருப்பிவிட்டார்கள். எலுமிச்சையைத் திருப்பலாம், யார்டில் பூட்டிக் கிடக்கிற தடியை எப்படித் திருப்ப?

நாள்தான் எங்களுக்குச் சிக்கல். இது ஆனி. ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீட்டுக்கு நிலை வைக்க மாட்டார்கள். கடைசி முகூர்த்தத்துக்கு நிலை தருவதாக நாலு வீட்டுக்காரர்களுக்கு இவுக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். மில்லில் இருப்பு என்று பார்த்தால், முன்பே செங்கோட்டை வழியாக வந்து காய்ந்த கேரளத் தேக்கு கொஞ்சம். ஒரு வீட்டுக்குத்தான் காணும். யாருக்குக் கொடுத்து, யாரிடம் கெட்ட பெயர் வாங்க?

அந்த நாலு பேரில் ஒருவர் கடையத்து ஏட்டு அண்ணாச்சி. போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றுப் பிறந்த ஊரில் வீடு கட்டுகிறார். நேரே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏந் தாயி, எனக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? நான் குத்தாலத் தண்ணியத் தவிர வேற தண்ணி பாத்ததில்ல. கப்பல்ல எவனோ வேலைக்கு வரலன்னா என் வீட்டுக்கு வாசல் கிடையாதா?"

"எவனோ இல்ல அண்ணாச்சி, என் தம்பி" என்றேன்.

"அப்பச் சரியாப் போச்சி. தம்பிட்ட ஒரு வார்த்த சொல்லு!"

அவர் போனதும் இவுக அதே வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏட்டி, போன் போடு. முருகன் நெனச்சா திங்கக்கெழமைக்கு முன்ன நம்ம தடி மட்டும் வெளிய வந்துரும்."

சாமி விளக்கை ஏற்றிவிட்டுத்தான் போன் போட்டேன். இவுகளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். நான் வாய் திறக்கும் முன்னே அவன் கேட்டான்.

"அக்கா, அத்தான் பக்கத்துல நிக்காவளா?"

"நிக்காவ."

"நல்லதாப் போச்சி. ஒங்க தடி யார்டுல கெடக்கது எனக்குத் தெரியும். முந்தியே வெளிய எடுக்கச் சொல்லி ஆளாளுக்கு வந்து கேக்காங்க. ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாருக்கும் செய்யணும், அப்பறம் நோட்டீஸ் எதுக்கு? அத்தான நான் ஒருநாளும் எதுத்துப் பேசினதில்ல. கேட்டுட்டாவன்னா முடியாதுன்னு சொல்லணும். அந்தச் சொல்ல என் வாயில இருந்து வாங்கிராதீங்க."

இவுகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப நாங்க மில்லப் பூட்டிட்டு அருவிக்கரையில துண்டு விக்கட்டுமாலே?"

அப்போதுதான் அப்பா, என்னை அறியாமல் என் கை நீண்டது. உள்ளங்கையைக் கவிழ்த்து, பக்கவாட்டில் அசைத்து, கிரேன்காரரை நிறுத்தச் சொல்லி நீங்க காட்டும் அதே சைகை. இலையில் சோறு போதும் என்பதற்கும் அதைத்தானே காட்டுவீங்க? இவுக அப்படியே பேச்சை நிறுத்தினார்கள். என்னைப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாமா வந்துட்டாரு!" என்றார்கள். போனுக்குள் முருகனும் சிரித்தான். எனக்குத்தான் கண் நிறைந்துபோயிற்று.

கப்பல் வேலையில் இது சட்டம் என்று சொல்லியிருக்கீங்க. "தூக்கச் சொல்ல ஒரு ஆளுதான். நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. கூட்டிப் பெருக்குறவன் கை காட்டினாலும் கிரேன் நிக்கணும். ஏன்னா அவன் கண்ணுக்கு மட்டும் ஏதோ ஆபத்து தெரிஞ்சிருக்கு." இப்போது முருகனும் அவனோடு இருப்பவர்களும் கை காட்டுகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ, அதைத் தென்காசியில் இருந்துகொண்டு நான் இல்லை என்று சொல்லலாமா?

மறுநாள் காலையில் காசி விசுவநாதரைக் கும்பிட்டுவிட்டு நேரே மில்லுக்குப் போனேன். கன அடிக் கணக்கு நானாகக் கற்றுக்கொண்டது, உங்களுக்குத் தெரியும். அந்தத் தேக்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வீடு முழுக்க எல்லா நிலைக்கும் அறுத்தால் ஒரு வீட்டுக்குத்தான் வரும். ஆனால் முகூர்த்தம் எதற்கு? தலைவாசல் நிலைக்குத்தானே? மஞ்சள், குங்குமம் வைத்து, நவதானியம் கட்டி நிறுத்துவது அதை மட்டும்தான். உள் நிலைக்கும் சன்னலுக்கும் கொத்தனார் இடம் விட்டுக் கட்டலாம், பிறகு பொருத்தலாம். இருக்கிற தேக்கு நாலு தலைவாசலுக்குத் தாராளமாகக் காணும்.

இவுக என் கணக்கை இரண்டு தரம் போட்டுப் பார்த்தார்கள். உடனே ரம்பத்தை ஓடவிட்டார்கள்.

ஏட்டு அண்ணாச்சியிடம் நானே போய்ச் சொன்னேன். முதலில் முறைத்தார். "சன்னல் இல்லாத வீட்டுக்குள்ள நான் எங்கன நிக்க?"

"தலைவாசல்ல நில்லுங்க அண்ணாச்சி. காத்து நல்லா வரும்."

அவர் வீட்டுக்கார அம்மா உள்ளே இருந்து சிரித்துவிட்டார்கள். அப்புறம் அவர் என்ன செய்ய?

மற்ற மூன்று பேரும் சம்மதித்துவிட்டார்கள். ஆனாலும் மில் பாதி நாள் சும்மாதான் கிடக்கும். கூலி ஆட்களுக்கு வேலை குறையும். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். நிறுத்த யாரும் சொல்லலாம் என்றீங்க. மறுபடியும் எப்போது தூக்கச் சொல்வது? அந்த ஒரு ஆள் இந்தப் பேச்சுவார்த்தையில் யாரப்பா?

எதுவானாலும் இதைத் தாண்டிவிடுவோம். இன்று காலையில் இவுகளே முருகனுக்குப் போன் போட்டார்கள். "சீசன் நல்லா இருக்குலே. பிள்ளைகளையும் ஒம் பொஞ்சாதியையும் இங்கன அனுப்பு. நீ அங்கன நிம்மதியா நில்லு." "சரி அத்தான்" என்றான் முருகன்.

அப்பா, உங்களுக்கு வாக்குத் தருகிறேன். இது எத்தனை நாள் போனாலும், பசிக்குப் பயந்து உங்க மகன் தூக்கிய கையை இறக்க வேண்டியது வராது. அவன் பிள்ளைகளை நாளைக்கே ஐந்தருவிக்குக் கூட்டிப் போய், நீங்க நின்ற இடத்தில் முதுகைக் காட்டி நிற்க வைக்கிறேன்.

உங்கள் கையைப் பார்த்துப் பேச்சுக் கற்ற மூத்த மகள்,
சண்முகத்தாய்
தென்காசி